அவள் வராத மதியம்

தாண்டில், 14 மார்ச் 1937

லெயோனோர் பாஸி அம்மையாருக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் செவ்வாயும் வியாழனும் வானொலியில் என் பெயரைச் சொல்லி என்னைத் திட்டிப் பாடுகிறீர்கள். 'அவள் வராத மதியம்' என்ற டாங்கோவில் வருகிற எர்சிலியா நான்தான். புவெனஸ் அயர்ஸில் பரக்காஸ் பேட்டையில் குடியிருந்தவள், இடது கன்னத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட வடு உள்ளவள். பாட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. குழந்தை ஆஸ்பத்திரியில் செத்துக்கொண்டிருந்தபோது நான் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு எவனுடனோ ஆடிக்கொண்டிருந்தேன் என்பது மட்டும்தான் பொய்.

இந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஐந்து வருடமாக இணைப்புக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். எனக்கு ஒரு குழந்தை இருந்து இறந்துவிட்டது என்று கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். போன மாதம் உங்கள் இசைத்தட்டு இங்கே வந்தது. பக்கத்து நாற்காலிக்காரி முதல் நாள் பாட்டை முணுமுணுத்தாள். இரண்டாம் நாள் என் கன்னத்தைப் பார்த்தாள். மூன்றாம் நாள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ரொட்டிக்கடையில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "பெத்த புள்ள சாகும்போது எட்டிப் பாக்காதவளுக்கு ரொட்டி ஒரு கேடா?"

நீங்கள் அந்தப் பாட்டை நிறுத்த வேண்டும். கெஞ்சவில்லை, சொல்கிறேன்.

எர்சிலியா குவாத்ரினி


புவெனஸ் அயர்ஸ், 22 மார்ச் 1937

அன்புள்ள எர்சிலியா,

இதுவரை எனக்குக் கடிதம் எழுதிய எர்சிலியாக்களில் நீங்கள் ஆறாவது. மெந்தோசாவிலிருந்து ஒருத்தி, தான்தான் அந்த ஓடிப்போனவள் என்றும், திருந்திவிட்டதாகவும், கவிஞரின் முகவரி வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். அவளுக்கு வயது பத்தொன்பது. குழந்தை பிறந்திருக்க வேண்டுமானால் அவள் பொம்மையோடு விளையாடுகிற வயதில் பெற்றிருக்க வேண்டும்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். டாங்கோ என்றால் இப்படித்தான். ஒருத்தி ஓடிப்போவாள். ஒருவன் குடித்துக்கொண்டே அவளை நினைப்பான். அவனுடைய தாய் சன்னலோரம் காத்திருந்து செத்துப்போவாள். சில சமயம் கத்தியும் வரும். பெண்கள் யாரும் ஓடிப்போகவில்லை என்றால் எங்களைப் போன்ற பாடகிகள் பட்டினி கிடக்க வேண்டியதுதான். இதைப் போய் யாராவது வாக்குமூலம் மாதிரி எடுத்துக்கொள்வார்களா?

இதை எழுதிய ரோமுலோ ஃபெர்ராந்தே எனக்கு மிகவும் நெருங்கியவர். ஒரு ஈயைக்கூட நோகவிடாதவர். வடு உள்ள பெண்கள் நாட்டில் எத்தனையோ பேர். உங்கள் குழந்தைக்காக வருந்துகிறேன். என் கையெழுத்துப் போட்ட படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

லெயோனோர் பாஸி


தாண்டில், 29 மார்ச் 1937

அம்மையாருக்கு,

உங்கள் படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அழகாக இருக்கிறீர்கள்.

டாங்கோ என்றால் இப்படித்தான் என்கிறீர்கள். நான் பரக்காஸில் குடியிருந்த ஒண்டுக்குடித்தன வீட்டில் பதினான்கு அறைகள். அவற்றில் ஒன்பதில் பெண்ணும் பிள்ளைகளும் மட்டும்தான். அந்த ஒன்பது பேரும் ஓடவில்லை. ஓடியவர்கள் ஆண்கள். பின்கட்டு ரோசேந்தாவின் புருஷன் தொப்பி வாங்கப் போனவன், எட்டு வருடமாக இன்னும் தொப்பி வாங்கிக்கொண்டிருக்கிறான். அவனைப் பற்றி ஒரு டாங்கோ உண்டா? உங்கள் பாட்டுகளை நம்பினால் பரக்காஸில் ஒரு பெண்கூட மிஞ்சியிருக்கக் கூடாது.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு தடவைதான் சொல்வேன்.

ரோமுலோ என் புருஷன். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டவன். அப்போது அவன் பாட்டு எழுதவில்லை. ஒரு இசைக்குழுவில் பியானோ வாசித்தான். 1930 ஜூன் குளிரில் எங்கள் மகள் தெலியாவுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. அவளுக்கு மூன்று வயது. மறுநாள் இசைக்குழு மோந்தேவிதேயோவுக்குக் கப்பல் ஏறுவதாக இருந்தது. "சளிதாண்டி, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, குழந்தை தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று நுனிக்காலில் நடந்து போனான். ஆஸ்பத்திரிக்கு நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்து தந்தி அடித்தேன். பதில் தந்திதான் வந்தது, அவன் வரவில்லை.

நான்காம் நாள், மதியம் இரண்டு மணிக்கு மேல், வார்டே உறங்கிக்கொண்டிருந்தபோது, தெலியா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அம்மா, என் கழுத்துல யாரோ முடிச்சு போட்டுட்டாங்க, அவுத்து வுடு" என்றாள். அதன் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

நீங்கள் பாடுகிறீர்களே, கேட்பவர்கள் எல்லாம் கைக்குட்டையை எடுக்கிறார்களே, அந்த வரி. பாட்டில் குழந்தை அதை அப்பாவிடம் சொல்கிறது. அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். நான்தான் எழுதினேன். அடக்கம் செய்துவிட்டு வந்து, அவனுக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். மஞ்சள் கம்பளிச் செருப்பு, ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்த கன்னியாஸ்திரி, சன்னலுக்கு வெளியே யாரோ தச்சன் மரம் அறுத்த சத்தம் எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. எல்லாம் உங்கள் பாட்டிலும் இருக்கிறது. ஆள் மட்டும் மாறிவிட்டது.

எர்சிலியா


புவெனஸ் அயர்ஸ், 10 ஏப்ரல் 1937

சென்யோரா குவாத்ரினிக்கு,

உங்கள் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் நாலைந்து தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

முதலில் ஒன்று. ரோமுலோவும் நானும் அக்டோபரில் திருமணம் செய்துகொள்வதாக இருக்கிறோம். தன் மனைவி காசநோயில் ரோசாரியோவில் இறந்துவிட்டாள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆக, செத்துப்போன ஒரு பெண்ணிடமிருந்து எனக்கு இரண்டு கடிதம் வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "ரோமுலோ, எர்சிலியாங்கறது யாரு?"

"யாருமில்ல. பேரு ராகத்துக்குச் சரியா உக்காந்துச்சு, வச்சேன்."

"கன்னத்துல வடு?"

"அதுவும் சரியா உக்காந்துச்சு. ஏன் கண்ணு, இன்னிக்கு சூப்புல உப்பு போட்டாங்களா, விசாரணையைப் போட்டாங்களா?"

"தாண்டில்லேருந்து ஒரு கடுதாசி வந்துச்சு."

கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. "அவளா?" என்றார். பிறகு வேக வேகமாக, "பைத்தியம் லெயோனோர் அது. பேரு வாங்கப் பாக்குது. இந்த மாதிரி ஆளுங்க எனக்கு மாசம் நாலு பேரு எழுதுறாங்க" என்றார்.

யாருமில்லாத ஒருத்திக்கு 'அவளா' என்று எப்படிக் கேட்க வரும்? அன்று முழுவதும் அந்த ஒரு சொல்லே என் காதில் இருந்தது.

ஆனாலும் உங்களை நான் பார்த்ததில்லை. ஐந்து வருடமாக அவரைப் பார்க்கிறேன். என் தாய் இறந்தபோது என்னைவிட அதிகம் அழுதவர் அவர். சான்று ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் இத்துடன் விட்டுவிடுங்கள். வக்கீல்வரை போக வைக்காதீர்கள்.

லெயோனோர் பாஸி


தாண்டில், 18 ஏப்ரல் 1937

சான்று வேண்டுமாம். குழந்தை பெற்றதற்கு, புதைத்ததற்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்ததற்கு நான் சான்று தர வேண்டும். அவன் ஒரு பாட்டு எழுதினால் போதும், நாடே சான்று!

சரி, இதோ. அவன் அனுப்பிய தந்தி. ஏழு வருடமாக வைத்திருக்கிறேன், படித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். 'சனிக்கிழமை முதல் நிகழ்ச்சி. வர வழியில்லை. தைரியமாக இரு. ரோமுலோ.' தேதியைப் பாருங்கள். அனுப்பிய ஊரைப் பாருங்கள். தெலியா வெள்ளிக்கிழமை போனாள்.

உங்களுக்கு இன்னொரு செய்தி. நேற்று எக்ஸ்சேஞ்ச் மேலாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆனா சந்தாதாரர்ங்க கேக்குறாங்க, அந்தப் பாட்டுக்காரப் பொம்பளயா எங்க லைன்ல உக்காந்து பேச்சை ஒட்டுக் கேக்குதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"நான் என்னத்தம்மா சொல்ல? நானும் அந்தப் பாட்டைக் கேட்டு அழுதவன்தான்."

மாதக் கடைசியோடு வேலை போய்விட்டது. இரக்கப்பட்டு எழுதாதீர்கள். உங்கள் பாட்டு எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எ. கு.


புவெனஸ் அயர்ஸ், 2 மே 1937

எர்சிலியா,

தந்தியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கூடவே இன்னொன்றும் இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு பிரியுங்கள்.

தந்தியை அவர் முன்னால் பியானோ மேல் வைத்தேன். மறுக்கவில்லை. அழுதார். அழுவது அவருக்கு எப்போதும் எளிதாக வரும், அதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

"எனக்கு வலிக்கலைன்னு நெனச்சியா? நான் பக்கத்துல இல்லியேன்னு ஏழு வருஷமா செத்துட்டிருக்கேன். அதான் பாட்டுலயாவது போய் உக்காந்தேன்."

"நீ உக்காந்தது சரி. அவளை ஏன் எழுப்பி வெளிய அனுப்புன?"

"பாட்டுன்னா யாராவது போயாகணும்டி. ஆம்பளை போயிட்டான்னு எழுதினா கொட்டகையில சிரிப்பாங்க. பந்தோனியோன் வாசிக்கிறவன் மொதல்ல சிரிப்பான். பொம்பளை போனாத்தான் அழுவாங்க."

"நிஜத்துல நீதானே போன?"

"நிஜத்த எவன் காசு குடுத்துக் கேக்குறான்?"

அவர் வெளியே போன பிறகு அவருடைய மேஜை இழுப்பறையைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாதுதான். உங்கள் எட்டுப் பக்கமும் அங்கே இருந்தது. எர்சிலியா, எப்படிச் சொல்வேன்? அதில் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறார். செருப்புக்குக் கீழே ஒரு கோடு, மரம் அறுத்த சத்தத்துக்குக் கீழே ஒரு கோடு. ஓரத்தில் அசையை எண்ணி எண்ணி எழுதியிருக்கிறார். ஆறாம் பக்கத்தில் உங்கள் மகள் சொன்னதில் 'அம்மா' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே 'அப்பா' என்று எழுதியிருக்கிறார். தெளிவான, நிதானமான கையெழுத்து. கை நடுங்கவே இல்லை.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடிதம் உங்களுடையது, உங்களுக்கே அனுப்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் தெரிந்த பிறகும் வியாழக்கிழமை நான் அதைப் பாடினேன். ஒப்பந்தம் இருக்கிறது, நேயர்கள் கேட்கிறார்கள் என்று நிலையத்தார் சொன்னார்கள். நான் வாயைத் திறந்தேன், பாட்டு வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

லெயோனோர்


தாண்டில், 9 மே 1937

லெயோனோர்,

வியாழக்கிழமை நானும் கேட்டேன். பக்கத்து வீட்டு வானொலியில். நீங்கள் நன்றாகவே பாடினீர்கள். வெட்கம் உங்கள் குரலை ஒன்றும் செய்யவில்லை.

உங்கள் வெட்கத்தை என்னிடம் அனுப்பாதீர்கள், அதை வைத்துக்கொள்ள என்னிடம் இடமில்லை. அவன் தந்தியை ஏழு வருடம் வைத்திருந்தேன், போதும்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். இப்போது நீங்கள் என்னை நல்லவளாக்கிப் புதுப்பாட்டு ஒன்று எழுதச் சொல்லிவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது. வேண்டாம். நான் நல்லவள் இல்லை. அந்த நான்கு நாளில் கன்னியாஸ்திரியைக் கையில் கிள்ளியிருக்கிறேன், டாக்டரைப் பன்றி என்று திட்டியிருக்கிறேன். வேறு எவனுடனாவது ஆடியிருந்தாலும் அது என் இஷ்டம். அவன் என்னைத் திட்டிப் பத்துப் பாட்டு எழுதட்டும், வடுவைப் பாடட்டும், காறித் துப்பட்டும்.

ஆனால் அந்த ஒரு வரி அவனுடையது அல்ல. அவள் மூன்று வயதில் என்னிடம் சொன்னது. அவள் என்னிடம் கடைசியாக விட்டுப்போனது அது ஒன்றுதான். அதை அவன் வாயிலிருந்து பிடுங்குங்கள். வேறெதுவும் வேண்டாம்.

கடிதம் வந்து சேர்ந்தது. ஆறாம் பக்கத்தைப் பார்த்தேன்.

எர்சிலியா


புவெனஸ் அயர்ஸ், 12 ஜூன் 1937

எர்சிலியா,

ஒரு மாதமாக எழுதவில்லை. பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள், பாடகி லெயோனோர் பாஸிக்கு நரம்புத் தளர்ச்சி, ஓய்வில் இருக்கிறார் என்று. நரம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது இதுதான்.

மே இருபத்தைந்து, நாட்டு விழா. பெரிய கொட்டகையில் மாலைக் காட்சி, வானொலியிலும் நேரடியாகப் போனது, கடைசிப் பாட்டு இதுதான். ரோமுலோ மேல்மாடியில் மூன்றாவது தனி இருக்கை அறையில் வெள்ளைக் கழுத்துத்துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பகுதியைப் பாடினேன். அந்த வரி வந்தபோது 'அம்மா' என்று பாடினேன். நீங்கள் எழுதியபடி.

இசைக்குழுவில் ஒருவர் தலையைத் தூக்கினார், அவ்வளவுதான். சனங்கள் கவனிக்கவே இல்லை! ஏற்கெனவே கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள், எந்தச் சொல்லுக்கு அழுகிறோம் என்றே தெரியாமல் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது. கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினேன்.

"இந்தக் குழந்தை நிஜக் குழந்தை. பேரு தெலியா. மூணு வயசு. பக்கத்துல இருந்தது அவ அம்மா எர்சிலியா. அப்பன் மோந்தேவிதேயோவுல பியானோ வாசிச்சிட்டிருந்தான். இப்ப மேல மூணாவது ரூம்புல இருக்கான், பாருங்க."

அவ்வளவுதான் சொன்னேன். யோசித்து வைத்திருந்தது இதைவிட நீளம், எல்லாம் மறந்துவிட்டது. அப்புறம் கீழேயிருந்து ஒருவன் கத்தினான்: "பாடுடீ! பிரசங்கம் கேக்கவா வந்தோம்?" பலகை வரிசையிலிருந்து ஒரு பெண் அவனுக்குப் பதில் கொடுத்தாள்: "அவ பேசட்டும்டா, நீ வாய மூடு! உன் வண்டவாளமும் இப்பிடித்தான் இருக்கும்!" விசில், சிரிப்பு, யாரோ ஆரஞ்சுத் தோலை எறிந்தார்கள். திரையை இறக்கிவிட்டார்கள். வானொலியில் என் பேச்சு போகவே இல்லையாம். பாட்டு மட்டும் 'அம்மா' வரைக்கும் போயிருக்கிறது. கையைத் தூக்கியதுமே கம்பியை வெட்டிவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் அவர் வந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"என் வாழ்க்கையவே எடுத்துட்டியே, லெயோனோர்."

"அது உன்னுது இல்ல. உடையவங்களுக்குத் திருப்பிக் குடுத்தேன்."

நிலையம் ஒப்பந்தத்தை முறித்துவிட்டது. 'அவள் வராத மதிய'த்தை இப்போது வேறொருத்தி பாடுகிறாள், 'அப்பா' என்றுதான். அவரும் சும்மா இல்லை. இரண்டே வாரத்தில் புது டாங்கோ வந்துவிட்டது. தன்னைக் கைதூக்கிவிட்டவனை மேடையிலேயே குத்திவிட்டு, நரித்தோல் கோட்டோடு பணக்காரனிடம் ஓடிப்போன பாடகியைப் பற்றி. என்னிடம் நரித்தோல் கோட்டே கிடையாது! அடுப்பங்கரையில் மாத்தே குடித்துக்கொண்டே அதைக் கேட்டேன். சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. ஐந்து வருடம், எர்சிலியா. நான் அவருடைய சட்டைப் பொத்தான்களைத் தைத்திருக்கிறேன்.

உங்கள் முதல் கடிதத்துக்கு நான் படம் அனுப்பியதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது. என்னை மன்னித்தீர்களா?

லெயோனோர்


தாண்டில், 24 ஜூன் 1937

லெயோனோர்,

இல்லை, மன்னிக்கவில்லை. உங்களை வெறுக்கவும் இல்லை. அவ்வளவுதான் இப்போதைக்கு என்னால் முடியும்.

'அம்மா' வரைக்கும் நான் கேட்டேன். அப்புறம் வானொலி கரகரவென்றது, ராணுவ இசை போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், "பாவம், பாடும்போது வரிய மறந்துட்டா போல." வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, ஏழு வருடத்துக்குப் பிறகு சத்தம் போட்டு அழுதேன்.

இப்போது ரயில் நிலையத்தில் பார்சல் சீட்டு எழுதுகிற வேலை. போன சனிக்கிழமை வேலை முடிந்து மதியம் வந்துகொண்டிருந்தேன். சதுக்கத்து மூலைக் காபிக்கடையில் புதிதாக வந்த இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது, புதியவளின் குரலில். 'அப்பா, கழுத்து முடிச்சை அவிழ்த்துவிடு.' கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அது பெண்கள் நுழைகிற இடமில்லை. சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நேராக கிராமபோனிடம் போய் ஊசியைத் தூக்கினேன்.

"நாந்தான் எர்சிலியா. நல்லா பாத்துக்கங்க, இதான் அந்த வடு. அந்த வார்த்தை என் மக என்கிட்ட சொன்னது. அவங்கப்பன்கிட்ட இல்ல. அவன் அங்க இல்லவே இல்ல."

கடைக்காரர், "சென்யோரா, இது வியாபாரம் நடக்கிற எடம்" என்றார். ஒருவன் சிரித்தான். கல் குவாரியில் வேலை செய்கிற வயதான ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "பாப்பா பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "தெலியா" என்று அவரும் ஒரு தடவை சொன்னார். சிரித்தவன் சீட்டைப் பார்க்க ஆரம்பித்தான்.

நான் வெளியே வந்ததும் மறுபடி ஊசியை வைத்திருப்பார்கள். தெரியும். திங்கட்கிழமை குதிரைச் சந்தைப் பக்கத்துக் கடையில் போட்டார்கள், அங்கேயும் போனேன். அங்கே தொப்பி கழற்ற யாருமில்லை, கையைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். முழங்கையில் கன்றிப்போயிருக்கிறது. நாளை வேறு எங்காவது போடுவார்கள், அங்கேயும் போவேன். அவன் நாடு முழுக்கப் பாடட்டும். இந்த ஊரில் மட்டும், நான் இருக்கிறவரை, அதை யாரும் நிம்மதியாகக் கேட்க முடியாது.

ஆனால் என் தொண்டை சின்னது. இரைச்சலில் பின்மேஜைவரை எட்டுவதில்லை. உங்களுக்கோ இப்போது வேலையுமில்லை. வெள்ளிக்கிழமை காலை அங்கிருந்து கிளம்புகிற ரயில் மாலைக்குள் இங்கே வந்துவிடும். என் அறையில் ஒரு கட்டில்தான், ஒருவர் தரையில் படுத்துக்கொள்ளலாம்.

வாருங்கள். இந்த ஊரில் இன்னும் ஏழு காபிக்கடை இருக்கிறது.

எர்சிலியா